வில்லாளியின் கையைக் கட்டாதே

கரமனை, திருவனந்தபுரம்
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய விதித்தாளை வாசித்தேன். கழக்கூட்டத்து வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் கூடி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூருக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று உன் அம்மா சொல்லியிருந்தாள். இப்போது வில், துப்பாக்கி பற்றி மட்டும் ஐந்து வீட்டு விதிகள் எழுதிக் கருத்துக் கேட்கிறாய். இருபது முகப் பகடையை உன் வயதில் உருட்டத் தொடங்கியவன் நான், இன்னும் விடவில்லை. ஆகவே இதை மாமா எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் போலவே மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆட்டம் நடத்தும் இன்னொரு டி.எம். எழுதியதாக வாசி.

உன் சங்கடம் புரிகிறது. உங்கள் கூட்டத்தில் ஒரு பெண் வயநாட்டுக் குறிச்சிய வில்லாளியாக ஆடுகிறாள். தொலைவில் நின்றே எதிரிகளைச் சாய்த்துவிடுகிறாள். வாளும் பரிசையும் எடுத்த இருவர் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்துபோகிறது. அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து ஓடிவந்த துப்பாக்கிக்காரனாக ஆடுகிறவனோ, வில்லைவிடத் துப்பாக்கி மட்டமா என்று கேட்கிறான். நாலு பேரையும் சமாதானப்படுத்த நீ ஐந்து விதி எழுதினாய். மக்களே, அதில் நாலு விதி ஒரே ஆளின் கையைக் கட்டுகிறது. மிச்சம் ஒன்று அவளுக்குப் பக்கத்தில் நிற்பவனைத் தூக்கிவிடுகிறது. தாளைக் கையில் வாங்கிய நிமிடமே அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். எய்கிறவரைத் தடுக்கிற விதி எழுதாதே. எய்வதற்கு முன் அவரை ஒரு கணம் யோசிக்கவைக்கிற விதி எழுது. விடவா, வேண்டாமா, எதைப் பணயம் வைத்து விடுவது என்ற கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத விதி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது வெறும் அபராதம்.

சின்னப் பையனாக எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினாயே, மதிலைத் தாண்டி அடித்தால் அவுட் என்று ஒரு விதி இருந்ததல்லவா? நன்றாக அடிக்கிறவனை ஒடுக்குவதற்காக யாரும் அதைப் போடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வீட்டு ஜன்னல் இருந்தது. இடம் தந்த விதி, அதனால் எவனும் முணுமுணுக்கவில்லை. பலசாலிகள் தரையோடு அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். உன் ஐந்து விதிகளையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

முதல் விதி: நெடுவில்லின் வீச்சை 150 அடியிலிருந்து 60 அடியாகக் குறைப்பது.

கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. புத்தகப்படி நெடுவில்லுக்கு 150 அடிவரை இயல்பான வீச்சு. அதைத் தாண்டி 600 அடிவரை எய்யலாம், ஆனால் டிஸ்அட்வான்டேஜ்: இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 30 அடி நடக்கிற எதிரிக்கு 150 அடியைக் கடக்க ஐந்து சுற்று ஆகும். மூச்சைப் பிடித்து ஓடினால் மூன்று. அதற்குள் அவள் மூன்று முதல் ஐந்து அம்புவரை விட்டுவிடுகிறாள். சரி. ஆனால் இந்த நாட்டில் 150 அடி வெட்டவெளி எங்கே இருக்கிறது?

கரமனையாற்றங்கரையிலிருந்து அகத்தியமலை அடிவாரம்வரை மனசுக்குள் நடந்து பார். வெட்டுக்கல் மதில்களுக்கு நடுவே வளைந்து போகும் இடவழி. வாழைத்தோட்டம். பலாவும் மாவும் மிளகுக்கொடியுமாக அடைந்து கிடக்கும் பறம்புகள். ஏறினால் குன்று, இறங்கினால் தோடு. நாற்பது ஐம்பது அடிக்கு மேல் ஒரு மனிதனைக் கண்ணால் தொடர முடியாத இடங்கள்தான் பெரும்பாலும். நீ அனுப்பிய வரைபடங்களிலோ வெறும் கட்டங்கள்தான். ஒரு தென்னை கூட இல்லை. வில்லில் குறையில்லை, வரைபடத்தில்தான் குறை. வீச்சைக் குறைக்காதே, மரம் நடு, மதில் எழுப்பு, மழை பெய்யவிடு. பிறகு எப்போதாவது ஒரு சண்டையை வயல் ஏலாவிலோ சங்குமுகம் மணலிலோ வை. அன்றைக்கு அவள் ராணியாக இருக்கட்டும். அவள் ஆசைப்பட்டு எடுத்த வில் அது. மாதத்தில் ஒரு நாளாவது அதன் முழு நீளத்தையும் காட்ட அவளுக்கு வாய்ப்பு வேண்டாமா?

களம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம் சரித்திரமே சாட்சி. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டைக்குள் ஏறிவிட்டது. மதிலை ஒட்டிய குறுகலான வழியில் நெருக்கிக்கொண்டு முன்னேறியபோது, மறைவிலிருந்த ஒரு சிறு கூட்டத்தின் துப்பாக்கிச் சூடு அவ்வளவு பெரிய படையைக் குழப்பித் திருப்பிவிட்டது. இடம் குறுகியது, மறைவு இருந்தது. எண்ணிக்கையோ ஆயுதமோ அதற்கு அடுத்ததுதான். அதே போலக் குளச்சல், 1741 ஆகஸ்ட். டச்சுக்காரர்கள் கடற்கரையில் கட்டியிருந்த காப்பரணுக்குள் திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடிக்க, அவர்களுடைய அரிசியெல்லாம் எரிந்துபோனது. சோறில்லாத அரண் எத்தனை நாள் தாங்கும்? பாங்கோடு ராணுவ முகாமின் மைதானத்துக்கு இன்றைக்கும் குளச்சலின் பெயர்தான்.

அதை உன் மேசைக்குக் கொண்டுவா. களத்தில் ஒரு பீப்பாய் வை, ஒரு தூக்குவிளக்கு வை, ஒரு தொங்குபாலத்துக் கயிறு வை. ஆளை அடிப்பதா, கயிற்றை அறுப்பதா? அந்தப் பெண் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்குவாள் பார், நீ தேடுகிற சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது விதி: கைகலப்புக்குள் எய்து தவறினால் அந்த அம்பு தோழன் மேல் பாயும்.

இந்தக் கேள்வி நம் ஊர்க் கதைகளுக்குப் புதிதல்ல. வாலியும் சுக்கிரீவனும் கட்டிப் புரண்டபோது, ஒரே அம்பில் ஏழு மராமரங்களைத் துளைத்த இராமன் முதல் சண்டையில் அம்பு விடவே இல்லை. யார் வாலி, யார் சுக்கிரீவன் என்று பிரித்தறிய முடியவில்லை. சுக்கிரீவன் அடிபட்டுத் திரும்பி வந்து, அடையாளத்துக்குப் பூங்கொடி அணிந்து மறுபடி போன பிறகுதான் அம்பு புறப்பட்டது. பாலிவதம் கதகளியில் நீயும் பார்த்திருப்பாய். மறைந்து நின்று எய்தது சரியா என்று இத்தனை நூற்றாண்டாகப் பட்டிமன்றம் நடத்துகிறோம். ஆட்டம் நடத்துகிறவனுக்கு அதைவிட முக்கியமான பாடம் அந்த முதல் சண்டையில் இருக்கிறது. வில்லாளி காத்திருந்தான், தோழன் தன் பங்குக்கு ஒன்று செய்தான், அதற்குப் பிறகுதான் வழி திறந்தது.

புதிய விதி எழுதும் முன் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாயா? உங்கள் ஐந்தாம் பதிப்பில் விதி ஏற்கெனவே இருக்கிறது, பல மேசைகளில் மறந்துவிடுகிறார்கள். எய்கிறவருக்கும் இலக்குக்கும் நடுவே இன்னொரு உடல் நின்றால், அது நண்பனாக இருந்தாலும் சரி, இலக்குக்குப் பாதி மறைப்பு. அடி படப் பகடை எட்ட வேண்டிய கவச எண்ணில் இரண்டு கூடும். 1979-இல் வந்த பழைய வழிகாட்டியில் கைகலப்புக்குள் விட்ட அம்பு யார் மேல் போகும் என்பதையே பகடை தீர்மானித்தது. 2000-த்தில் வந்த மூன்றாம் பதிப்பில் நாலு எண் தண்டம். ஆக ஐம்பது வருஷமாக எல்லாரும் இதே முடிச்சைத்தான் அவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

உன் விதியைக் கணக்குப் போட்டேன். எய்யும்போது அவள் பகடையோடு கூட்டும் எண் ஏழு, எதிரியின் கவச எண் 15 என்று வை. நூற்றுக்கு 65 அம்பு படும், 35 தவறும். தவறுவதெல்லாம் தோழன் முதுகில் என்றால் மூன்றில் ஒன்று. எந்தப் பைத்தியக்காரன் எய்வான்? கேள்வியே எழவில்லை, வில்லை மூலையில் வைத்துவிட வேண்டியதுதான்.

இப்படிச் செய்து பார். உருட்டும் முன் அவள் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, நிதானமாக எய்கிறேன்: பாதி மறைப்பின் இரண்டு எண்ணை ஏற்றுக்கொள்கிறாள், தவறினால் அம்பு யாருக்கும் தீங்கில்லாமல் போகும். இப்போது 65 என்பது 55 ஆகிறது. இரண்டு, துணிந்து எய்கிறேன்: மறைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, 65 அப்படியே நிற்கும். ஆனால் தவறினால் அதே அம்புக்கு மறுபடி உருட்ட வேண்டும், இந்த முறை தோழனின் கவச எண்ணுக்கு எதிராக. தோழன் கவச எண் 18 என்றால், துணிந்து விடும் ஆறு அம்பில் ஏறக்குறைய ஒன்று அவன் மேல் படும். கூடவே ஒரு மூன்றாவது வழி: வாள்காரன் சுற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்துக் குனிந்து வழிவிட்டால், தண்டமும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் அந்தச் சுற்றில் அவன் வேறு எதற்கும் ரியாக்‌ஷன் எடுக்க முடியாது.

இப்போது என்ன ஆயிற்று பார். முகத்தைத் தூக்கிவைத்திருந்த வாள்காரன், "குனியட்டுமா?" என்று கேட்கத் தொடங்குகிறான். வில்லாளியின் அம்பில் அவனுக்கும் பங்கு வந்துவிட்டது.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாள்காரர்களின் மனக்குறையைத் தீர்க்க வில்லைத் தாழ்த்த வேண்டியதில்லை. அவர்கள் கையில் எறிந்து அடிக்கும் வளரி ஒன்று கொடு. சின்ன மருதுதான் தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தார் என்று ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். தேர்ந்த கையில் 100 கஜத்துக்குள் அது குறி தப்பாது என்பது அவர் கணிப்பு. உன் மேசையில் இயல்பான வீச்சு 60 அடி, எட்டிப் போனால் 300 அடி என்று வைத்துக்கொள். எறியும் முன் ஒரு கேள்வி: உடம்புக்கா, காலுக்கா? உடம்பு என்றால் முழுக் காயம். காலுக்கு என்றால் பாதிக் காயம், ஆனால் ஆள் விழுந்துவிடுவான். ஓடுகிற ஒற்றனை வாள்காரனே வீழ்த்திப் பிடிக்கிற நாள் வரும்.

மூன்றாவது விதி: ஒவ்வொரு அம்பையும் எண்ணிக் கழிப்பது.

நோக்கம் நல்லது. தீராத அம்பு அலுப்பூட்டும். ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் பென்சிலால் ஒரு கோடு என்பது கணக்குப்பிள்ளை வேலை. இரண்டாவது வாரம் மறப்பாள், மூன்றாவது வாரம் நீயே மறப்பாய். புத்தகத்தில் சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் விட்ட அம்பில் பாதி திரும்பக் கிடைக்கும் என்று வேறு இருக்கிறது. பாதியின் பாதியைக் கழித்துக்கொண்டிருக்கவா ஞாயிற்றுக்கிழமை கூடுகிறீர்கள்?

பிளாக் ஹேக் என்று 2016-இல் வந்த ஒரு சின்ன ஆட்டத்தில் இதற்கு அழகான வழி உண்டு. தூணிக்கு ஒரு பகடை. நிறைந்திருக்கும்போது பன்னிரண்டு முகம் என்று வைத்துக்கொள். பயன்படுத்திய பின் உருட்டு. ஒன்றோ இரண்டோ விழுந்தால் பகடை ஒரு படி இறங்கும்: பத்து, எட்டு, ஆறு, நாலு. நாலு முகத்திலும் ஒன்றோ இரண்டோ விழுந்தால் தூணி காலி. சண்டைக்கு ஒரு தடவை உருட்டினால் போதும். ஆறு முகத்துக்கு வந்ததும் அவளே, "இந்தச் சண்டைக்கு வில் வேண்டுமா, கத்தியே போதுமா?" என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவாள். நீ சொல்ல வேண்டியதில்லை.

எண்ணத்தான் வேண்டும் என்றால், எண்ணினால் வலிக்கிற அம்பை எண்ணு. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களில் பள்ளிவேட்டை பார்த்திருக்கிறாயா? சுவாமி எழுந்தருளி வர, கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனை முன்னால் அரச குடும்பத்து மூத்தவர் ஓர் இளநீரைக் குறிவைத்து அம்பு விடுவார். அவ்வளவு கூட்டமும் அந்த அம்புக்காகத்தான் நிற்கிறது. சாதாரண அம்பு நூறு இருக்கட்டும். ஒரு சாகசம் முழுவதற்கும் மூன்றே மூன்று பேர்பெற்ற அம்புகள் கொடு. ஒன்றுக்கு வல்வில் ஓரியின் பெயரை வை. கொல்லிமலை ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனதை வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. அந்த அம்பை விட்டால் ஒரே கோட்டில் நிற்கும் எல்லார் கவச எண்ணுக்கும் ஒரே உருட்டல்தான். எதிரிகள் எப்போது ஒரே கோட்டில் வருவார்கள் என்று அவள் காத்துக்கொண்டே இருப்பாள். தோழர்கள் எதிரிகளை அந்தக் கோட்டுக்கு விரட்டிக் கொண்டுவருவார்கள்.

நாலாவது விதி: துப்பாக்கிக்கு இரட்டிப்புக் காயம், ஒவ்வொரு சுற்றும் சுடலாம்.

நண்பனைக் குஷிப்படுத்தப் போட்ட விதி இது. ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. ஒவ்வொரு சுற்றும் சுட்டால் நிமிடத்துக்குப் பத்து. அந்தக் காலத்துத் தேர்ந்த சிப்பாய் சக்கிமுக்கித் துப்பாக்கியால் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே பெரிது. திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கு ஒரு தடவைக்கே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை ஆகும். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கெட்டித்து, கிண்ணியில் மருந்து வைத்து, பிறகு குறி. வில்லாளி இதற்குள் அரை டஜன் அம்பு விட்டிருப்பாள்.

இரட்டிப்புக் காயத்தை வைத்துக்கொள். ஆனால் சுட்டபின் மறுபடி நிரப்ப மூன்று சுற்று ஆகட்டும். முதல் குண்டை எப்போது செலவிடுவது? சுட்டுவிட்டு வாளை உருவுவதா, மதிலுக்குப் பின்னால் ஒதுங்கி நிரப்புவதா, இன்னொருவனை நிரப்பச் சொல்லி இரண்டாவது துப்பாக்கியை வாங்கிக்கொள்வதா? டச்சுப் படையிலிருந்து பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூரின் படைத்தலைவராகவே ஆன டிலனாய், நாயர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். இந்த மந்தத்துக்கு அத்தகைய பயிற்சிதான் மருந்து. தனித் துப்பாக்கி மெதுவானது. வரிசை பிரித்து, ஒரு வரிசை சுட மறுவரிசை நிரப்பினால் சூடு ஓயாது. தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள் 1777-இல் அவரைப் புதைத்த கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஊருக்குப் போகிற வழியில் உன் கூட்டத்தை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போ.

துப்பாக்கிக்கு இன்னும் இரண்டு குணம் சேர். கனமழையில் திரி அணைந்துவிடும். ஆடி மாதத் திருவிதாங்கூரில் அது சின்ன விஷயமல்ல. அடுத்தது சத்தம். ஒரு வெடி வெடித்தால் கோட்டை முழுக்க விழித்துக்கொள்ளும். வில்லுக்குச் சத்தமில்லை. பழசிராஜா போரில், 1802 அக்டோபரில், தலக்கல் சந்துவும் எடச்சன குங்கனும் குறிச்சியர்களோடு பனமரம் கோட்டைமேல் பாய்ந்தார்கள். கையில் வில் வைத்திருந்தவர்கள் ஆங்கிலக் கம்பெனியின் நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். வில்லுக்கு ஒரு வேளை, துப்பாக்கிக்கு ஒரு வேளை உண்டு என்று ஆனபின் எது மட்டம் என்ற சண்டை தானாக ஓயும். உள்ளே நுழையும்போது அவள் முன்னால் போவாள், வெளியே வரும்போது அவன் வழிகாப்பான்.

ஐந்தாவது விதி: தூரம், காற்று, வெளிச்சம், இலக்கின் வேகம் நாலையும் பெருக்கும் அட்டவணை.

இதற்காக நீ ராத்திரி முழுக்க விழித்திருப்பாய் என்று அட்டவணையின் அழகே சொல்கிறது. இருந்தாலும் கிழித்துப் போடு. உனக்கு முன்னால் ஒரு பெரிய படையே அந்த வழியில் போய்த் திரும்பியிருக்கிறது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-இல் ராணுவத்துக்காகக் கிரீக்‌ஷ்பீல் என்ற போர் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தினார். சூட்டுக்கும் தூரத்துக்கும் அட்டவணை, அதற்கெனப் பகடைகள். அதிகாரிகள் ஆடினார்கள், ஆடி அலுத்தும் போனார்கள். ஒரு நகர்வைத் தீர்க்கவே நேரம் போதவில்லை. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஓரம் வைத்துவிட்டு, போர் அறிந்த நடுவர் ஒருவரின் தீர்ப்பே போதும் என்றார். இன்னொரு கோடியில் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' ஆட்டத்தில் துப்பாக்கிக் கணக்கே கிடையாது. சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் தரையில் படுத்துக் குறிபார்த்து அடிக்க வேண்டும். பொம்மைச் சிப்பாய் விழுந்தால் செத்தான்.

நீ இரண்டுக்கும் நடுவே நில். களநிலை எய்வதைக் கஷ்டமாக்குகிறதா என்ற ஒரே கேள்வி போதும். ஆமென்றால் டிஸ்அட்வான்டேஜ். 65 விழுக்காடு அப்போது 42-ஆக இறங்கும். போதுமான அடி அது. காற்றும் அடிக்கிறது, இருட்டும் இருக்கிறது என்றாலும் ஒரே தடவைதான், அடுக்காதே. பலத்த காற்றில் எய்தால் டிஸ்அட்வான்டேஜ் என்று உன் வழிகாட்டிப் புத்தகமே சொல்கிறது. ஆனால் அதையும் கேள்வியாக மாற்றலாம்: ஒரு சுற்று காத்திருந்து காற்று தணியும்போது எய்தால் டிஸ்அட்வான்டேஜ் இல்லை. காத்திருப்பாளா? அதற்குள் தோழன் உயிரோடு இருப்பானா?

விதிகள் இவ்வளவுதான். இனி விதி போடுகிற விதம். இதில்தான் மேசைகள் உடைகின்றன.

குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்கும் முன்பே இரு தரப்பும் கூடி விதி பேசிக்கொண்டார்கள். இன்னொருவரோடு பொருதுகிறவனை அடிப்பதில்லை, புறங்காட்டியவனை அடிப்பதில்லை என்றெல்லாம். போர் சூடேறியதும் ஒவ்வொன்றாக உடைந்தது. சாத்யகியைக் கொல்லக் கத்தியை ஓங்கிய பூரிசிரவஸின் கையை அருச்சுனன் எங்கிருந்தோ எய்து அறுத்தான். வேறொருவனோடு பொருதிக்கொண்டிருந்தவனை அடித்தாயே என்று பூரிசிரவஸ் கேட்டான். அருச்சுனனிடமும் பதில் இருந்தது. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு, அதனால்தான் இன்றும் வாதாடுகிறோம். கதைக்கு அது சிறப்பு, மேசைக்கு ஆகாது. சண்டை நடுவே புதிய விதி போடாதே, பழைய விதியை வளைக்காதே. சண்டையில் ஓட்டை தெரிந்தால் அன்றைக்கு வில்லாளிக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிவிடு. அடுத்த வாரம் ஆட்டத்துக்கு முன்னால் பேசு.

எந்த விதியும் உன் பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். உன் எதிரி வில்லாளிகளும் கைகலப்புக்குள் எய்தால் நிதானமா, துணிவா என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உருட்டு. தவறினால் அவர்கள் ஆளே சாகட்டும். டி.எம். தன் ஆட்களைத் தானே கொன்றுகொள்வதைப் பார்த்தால் மேசையில் கிடைக்கும் சிரிப்பு, நூறு சமாதானப் பேச்சுக்குச் சமம்.

புதிய விதியை நிரந்தரம் என்று அறிவிக்காதே. இந்தச் சாகசம் முடியும்வரை என்று சொல். முடிந்ததும் கைதூக்கிக் கேள். விதி மாறியதால் அவளுடைய வில்லாளி முன்போல் இல்லை என்றால், அவள் எடுத்த திறன்களை மாற்றிக்கொள்ள அனுமதி. உதாரணமாக ஷார்ப்‌ஷூட்டர் திறன் பாதி மறைப்பையே பொருட்படுத்தாது. அவளிடம் அது இருந்தால், நான் சொன்ன இரண்டாவது விதி அவளை ஒன்றும் செய்யாது. அந்தத் திறனுக்கு அவள் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறாள், பிடுங்காதே.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த ஞாயிறு உன் தாளை எடுத்துக்கொண்டு போகாதே, வெறுந்தாள் எடுத்துக்கொண்டு போ. சிக்கல் என்ன என்பதை மட்டும் எல்லாருக்கும் முன்னால் சொல். கைகலப்புக்குள் எய்கிற விதியை வில்லாளியும் வாள்காரர்களும் சேர்ந்து எழுதட்டும். துப்பாக்கி நிரப்புகிற விதியைத் துப்பாக்கிக்காரனே எழுதட்டும். தனக்குத் தண்டம் போடும் விதியைத் தானே எழுதுகிறவர்கள் உன்னைவிடக் கண்டிப்பாகத்தான் எழுதுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். நான் மேலே சொன்ன யோசனைகளை அவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துச் சொல். அவர்கள் எழுதியது உன் யோசனையைவிட மட்டமாக இருந்தாலும் ஒரு சாகசத்துக்கு அதையே நடத்து. தாங்களே எழுதிய விதியை யாரும் மறப்பதில்லை.

எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. எங்கள் மேசையிலும் ஒரு வில்லாளி இருக்கிறான்.

அன்புடன்,
மாமா